இருந்த இடத்தில் நடக்கும் நெஞ்சு

டூட்டிங்
20 ஒக்ரோபர் 1994

தம்பி பஸ்தியாம்பிள்ளைக்கு,

ஆஸ்பத்திரி வாசலில் வைத்து, நாலு பேர் கேட்க, "இனி உங்களுக்கும் எனக்கும் பேச்சில்லை" என்று சொல்லிவிட்டுப் போனாய். ரெலிபோன் எடுத்தால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். நல்லது. பேச்சில்லை என்றுதானே சொன்னாய், எழுத்தில்லை என்று சொல்லவில்லையே. கிழித்துப் போடுவதென்றால் போடு, நான் இன்னொன்று எழுதுவேன். எழுபதை எட்டிப் பார்க்கிற வயதில் எனக்கு வேறென்ன வேலை?

உன் கோபம் எதற்கென்று எனக்குத் தெரியாமலில்லை. உன் மனிசி மெற்றில்டா கண்ணை மூடி நாலு மாதத்தில் நீ குசினியில் அடுப்படியில் விழுந்து கிடந்தாய். கீழ்வீட்டுச் சூசைதாசன் அம்புலன்சுக்கு அடித்துவிட்டு எனக்கு அடித்தான். நான் வந்து சேர்ந்தபோது உன் நாடியைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. பேஸ்மேக்கர் வைக்கப் போகிறோம், குடும்பத்தார் என்ன சொல்கிறீர்கள் என்று டொக்டர் கேட்டார். வையுங்கோ என்றேன். கண் முழித்ததும் நீ என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "ஏனக்கா என்னைத் திருப்பிக் கூப்பிட்டனீங்கள்?" என்பது. அவளிடம் போய்க்கொண்டிருந்தாயாம், நான் குறுக்கே நின்று மறித்துப்போட்டேனாம். ஓம், மறித்தேன். இன்னொரு தரம் விழுந்தாலும் மறிப்பேன். கூடப் பிறந்தவளிடம் வேறெதை எதிர்பார்த்தாய்?

விசயத்துக்கு வருகிறேன். உன் இருதயம் நல்லாகப் பலவீனப்பட்டுவிட்டது. இடப்பக்க நெஞ்சில் வைத்த அந்தப் பெட்டி அடி, அடி என்று சொல்லும், அவ்வளவுதான். அடிக்கிற தசை உன்னுடையது. அதைப் பழக்கியெடுக்க வேண்டும். நாங்கள் யாழ்ப்பாணத்தில் நேர்சிங் படித்த காலத்தில் இருதயப் பலவீனம் என்றால் ஆளைக் கட்டிலை விட்டு இறக்க மாட்டோம். இப்போது இவர்கள் நேர்மாறாகச் சொல்கிறார்கள், நடக்கட்டும், மெல்ல மெல்ல நடக்கட்டும் என்று. எனக்கு மனம் கேட்கவில்லை, உன் டொக்டரோடு வாதாடினேன். அந்த மனிசன் பொறுமையாக விளங்கப்படுத்திவிட்டுக் கடைசியில் சொன்னது இதுதான்: கதிரையிலேயே குந்திக்கொண்டு இருந்தாரென்றால் அடுத்த கோடையைக் காண மாட்டார்.

செவ்வாய்க்கிழமைகளில் உன் ஆஸ்பத்திரியில் உன்னைப் போன்றவர்களுக்கென்று உடற்பயிற்சி வகுப்பு தொடங்கியிருக்கிறார்கள். உனக்கும் அழைப்பு வந்தது, நீ போகவில்லை. போ, தம்பி. அதுவரைக்கும் வீட்டுக்குள்ளாவது நட. காயம் நன்றாக ஆறுமட்டும் இடக்கையைத் தோளுக்கு மேலே தூக்காதே. சாப்பிட்ட கையோடு நடக்காதே. மூச்சை அடக்கிக்கொண்டு ஒன்றையும் தூக்காதே. தலை சுற்றினால், நெஞ்சு நொந்தால் அந்த இடத்திலேயே இரு. காலையில் எழும்பியதும் உடம்பு நிறை பார். திடீரென்று ஏறியிருந்தால் உடம்பில் தண்ணீர் கட்டுகிறது, அன்றைக்கு நடை வேண்டாம், டொக்டரைப் பார்.

நீ திட்டி எழுதினாலும் பரவாயில்லை, எழுது.

அக்கா
இம்மாகுலேற்

---

இல்ஃபோர்ட்
2 நவம்பர் 1994
சகல ஆத்துமாக்களின் திருநாள்

அக்காவுக்கு,

கிழிக்கவில்லை. உயிரோடு இருக்கிறேன், உங்கள் புண்ணியத்தில்.

நான் இந்த ஊரில் பதினைந்து வருசம் ரியூப் ரயில் ஸ்ரேசன் வாசலில் நின்று ரிக்கற் பார்த்தவன். ரிக்கற் இல்லாமல் வந்தவர்களை மறித்திருக்கிறேன். ரிக்கற் வைத்திருந்த ஒருவரையும் ஒரு நாளும் மறித்ததில்லை. நீங்கள் மறித்தீர்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை. அங்கே என்ன கண்டேன் என்று கேட்காதேயுங்கோ, ஒன்றும் காணவில்லை. ஆனால் பாரமில்லாமல் இருந்தது. மெற்றில்டா எங்கேயோ கிட்டத்தில் நிற்கிறாள் என்று தெரிந்தது. பிறகு கண்ணைத் திறந்தால் மேலே ரியூப் லைற்றும், பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்தபடி நீங்களும்.

வகுப்புக்குப் போக மாட்டேன். நடை எல்லாம் அவளுடைய வேலை. மழையோ பனியோ பூசைக்கு நடந்துதான் போவாள். நான் பஸ்ஸில் வருவேன். "எழும்புங்கோ, கொஞ்சத் தூரம் நடப்பம்" என்று எத்தனை தரம் கேட்டிருப்பாள். நாளைக்கு என்பேன். இப்போது யாருக்காக நடக்க?

நீங்கள் பயப்படுகிற மாதிரி நான் பாவம் ஒன்றும் செய்யவில்லை. மாத்திரை போடுகிறேன், சாப்பிடுகிறேன். கதிரையில் இருப்பது சாவான பாவம் என்று எந்தச் சுவாமியாரும் பிரசங்கம் வைத்து நான் கேட்டதில்லை. ஆண்டவர் கூப்பிடுகிற அன்றைக்குப் போக ஆயத்தமாக இருக்கிறேன், அவ்வளவுதான்.

இது மரித்த ஆத்துமாக்களின் மாதம். பின்னேரங்களில் அவளுக்காகச் செபம் சொல்லத் தொடங்கியிருக்கிறேன். என் பாட்டில் விடுங்கோ.

பஸ்தி

---

டூட்டிங்
13 நவம்பர் 1994

என் கள்ளத் தம்பிக்கு,

எனக்கு எழுதுவது ஒன்று, செய்வது இன்னொன்றா? நேற்றுச் சூசைதாசன் ரெலிபோனில் உன் வண்டவாளத்தைச் சொல்லிவிட்டான். "அக்கா, அண்ணை இப்ப பின்னேரத்தில வீட்டுக்குள்ள நல்லா நடக்கிறார். எங்கட தலைக்கு மேல காலடி கேக்குது. முந்தி மெற்றில்டா அக்கா நடக்கிற மாதிரி, விறுவிறெண்டு" என்றான். எனக்கு வந்த சந்தோசத்தில் அவனுக்கு நன்றி சொல்லவும் மறந்துபோனேன். பூசைக்குப் போய் மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தேன்.

ஆனால் விறுவிறென்று நடப்பது பிழை, தம்பி. எடுத்த எடுப்பில் வேகமாக நடக்கக் கூடாது. முதலில் உலாவுகிற மாதிரி நட, உடம்பு சூடாகட்டும், பிறகு கொஞ்சம் வேகம். முடிக்கும்போதும் சடாரென்று நிற்காதே, வேகத்தைக் குறைத்துக் குறைத்து நில். சடாரென்று நின்றால் இரத்தம் காலில் தங்கித் தலை சுற்றும்.

ரோசம் கூடிப்போய் எனக்கு ஒளித்து நடக்கிறாய், தெரியும். ஒளித்தே நட. எனக்கு அதுவும் போதும்.

அக்கா

---

இல்ஃபோர்ட்
21 நவம்பர் 1994

அக்காவுக்கு,

நான் நடக்கவில்லை.

யாருக்கும் சொல்வதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். கீழே சூசைதாசனுக்கும் கேட்கிறதென்றால் இனி மறைத்து என்ன?

பின்னேரம் தெருவில் லைற் பற்றுகிற நேரத்தில் கதிரையில் இருந்து செபத்தைத் தொடங்குவேன். பாதிச் செபத்தில் நெஞ்சு நடக்கத் தொடங்கும். பயத்தில் படபடக்கிறது வேறு, அது எனக்குத் தெரியும். இது நடை. என் கால் இரண்டும் கம்பளத்தின்மேல் செத்த மாதிரிக் கிடக்கும். கை, தலை எல்லாம் என் சொற்படி இருக்கும். உள்ளே மட்டும் ஒருவர் நடந்து வருவார். மூச்சும் அதற்கேற்ற மாதிரி வாங்கும், நான்தான் நடந்ததுபோல. செபம் முடிந்தால் போய்விடும்.

முதல் கிழமை முழுக்க அது தூரத்தில் கேட்டது, தெரு முனையில் யாரோ வருகிற மாதிரி. பிறகு கிட்டி வந்தது. இப்போது எங்கள் வீட்டுப் படிக்கட்டில் ஏறுகிற வேகம். நான் எவ்வளவுக்கு உருகிச் சொல்கிறேனோ அவ்வளவுக்கு விரைந்து வருகிறாள். வேகமாக நடந்து வந்து, வாசலில் நின்று மூச்சு வாங்குவாளே, அந்த மாதிரியே கடைசியில் ஒரு தடுமாற்றம். முப்பத்தொரு வருசம் கேட்ட நடை, அக்கா. எனக்கா பிழைக்கும்?

சூசைதாசன் கேட்டது என் காலடியல்ல. நான் கதிரையை விட்டு எழும்பவேயில்லை.

பெட்டியை வைத்து என்னை மறித்தீர்கள். இப்போது அந்தப் பெட்டிக்குள்ளாலேயே அவள் வருகிறாள். ஆண்டவரின் விளையாட்டைப் பார்த்தீர்களா?

பஸ்தி

---

டூட்டிங்
26 நவம்பர் 1994

தம்பிக்கு,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு வீட்டில் இருக்கிற லைற் எல்லாவற்றையும் போட்டேன். இத்தனைக்கும் பட்டப்பகல். வார்டில் எத்தனையோ பேரின் கண்ணை இந்தக் கையால் மூடிவிட்டவள் நான். செத்தவர்களுக்குப் பயந்ததில்லை. எனக்கு உன்னை நினைத்துத்தான் பயம்.

காலடியை விடு. அது பழைய வீடு, சுடுதண்ணீர் ஓடினால் பைப்புகள் ஆயிரம் சத்தம் போடும். சூசைதாசனும் ஒரு சத்தம் கேட்டால் ஒன்பது என்று சொல்கிற ஆள். ஆனால் உன் நெஞ்சு வேகமாக அடிப்பது பைப் சத்தமல்ல. பலமில்லாத இருதயத்தைத் தினமும் பின்னேரத்தில் யாரோ ஓட வைக்கிறார்கள். அது மெற்றில்டாவாக இருந்தாலும் சரி, வானத்துச் சம்மனசாக இருந்தாலும் சரி, எனக்கு விருப்பமில்லை.

உன்னைக் கோபிக்காமல் கேட்கிறேன், நீயும் கோபிக்காமல் எழுது. அந்த நேரத்தில் எப்படி இருக்கிறாய்? எதில் சாய்கிறாய்? கை என்ன செய்கிறது? என்ன செபம், எப்படிச் சொல்கிறாய்? ஒன்றையும் விடாதே. கால் வீங்கியிருக்கிறதா, விரலால் அமத்தினால் குழி விழுகிறதா என்றும் எழுது. படுக்க எத்தனை தலையணை வைக்கிறாய்?

நான் வந்து கதவைத் தட்டலாம். நீ திறக்க மாட்டாய், படிக்கட்டில் நின்று சண்டை பிடித்தால் உனக்குத்தான் மூச்சு முட்டும். அதனால் வராமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன்.

அக்கா

---

இல்ஃபோர்ட்
8 டிசெம்பர் 1994

அக்காவுக்கு,

இன்றைக்கு அமலோற்பவ மாதாவின் திருநாள், உங்கள் பெயர்கொண்ட நாள். கோபம் கோபமாக இருக்க, வாழ்த்துகிறேன்.

நேர்ஸ் கேட்கிறா, நோயாளி சொல்லத்தானே வேண்டும். இருப்பது யன்னலோரக் கதிரையில். முன்னால் மெற்றில்டாவின் படமும் சிலுவையில் பாடுபட்ட சுரூபமும். இடக்கையில் செபமாலை. ஒவ்வொரு பத்து முடியவும் உத்தம மனஸ்தாபச் செபம், கடைசியில் ஆத்துமாக்களின் பிரார்த்தனை. ஒவ்வொரு அடிக்கும் வலக்கையால் மார்பில் தட்டுவேன். இங்கே கோயிலில் வெள்ளைக்காரர் பூவைத் தொடுகிற மாதிரித் தொடுகிறார்களே, அப்படியல்ல. பெரிய வெள்ளிக்கிழமையில் எங்கள் ஆட்கள் தட்டுகிற தட்டு. மனம் நோகத் தட்டினால்தான் ஆத்துமாவுக்குப் போய்ச் சேரும் என்று அம்மா சொல்லித் தந்தது உங்களுக்கும் தெரியும்.

கால் வீங்கித்தான் இருக்கிறது. சப்பாத்துக்குள் போகாது. படுப்பதில்லை, படுத்தால் மூச்சு முட்டுகிறது, கதிரையிலேயே நித்திரை. இதையெல்லாம் வாசித்துவிட்டு அம்புலன்சை அனுப்பினால் கதவைத் திறக்க மாட்டேன்.

நான் சந்தோசமாக இருக்கிறேன், அக்கா. அவள் இப்போது படியேறி முடிந்துவிட்டாள். நேற்றுக் கதவுக்கு வெளியே நின்றாள். கைப்பிடி அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பாலன் பிறக்கிற நத்தாருக்கு முன்னம் உள்ளே வந்துவிடுவாள் என்று நினைக்கிறேன்.

பஸ்தி

---

டூட்டிங்
11 டிசெம்பர் 1994

தம்பிக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. சூசைதாசனை வரச் சொல்லிக் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவன் முன்னாலேயே வாசி.

வியாழக்கிழமைகளில் இங்குள்ள ஆஸ்பத்திரித் தேநீர்க் கடையில் சம்பளமில்லாமல் நிற்கிறேன் என்பது உனக்குத் தெரியும். அங்கே பேஸ்மேக்கர் கிளினிக்கில் கிரிஜா என்று எங்கள் தமிழ்ப் பிள்ளை ஒன்று வேலை செய்கிறது. உன் கடிதத்தை வாசித்ததும் அவளைத் தேடிப் போனேன். கதை முழுவதும் சொல்லவில்லை. இப்படி மார்பில் தட்டுகிறான் என்று தட்டிக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. உடனே கேட்டாள், "பெட்டிக்கு மேலயா, அன்ரி?"

உனக்கு வைத்திருக்கிற மாதிரிப் பெட்டிக்குள் ஒரு சின்னப் பளிங்குத் துண்டு இருக்கிறதாம். உடம்பு அசைகிற அதிர்வை அது உணர்ந்துகொள்ளும். அதிர்ந்தால், ஆள் நடக்கிறார், அவருக்கு இரத்தம் கூடுதலாக வேண்டும் என்று நினைத்து நெஞ்சை வேகமாக அடிக்க வைக்கும். வேலை செய்கிறதா என்று பார்க்க அவர்களே விரலால் பெட்டிக்கு மேலே தட்டித்தான் பார்ப்பார்களாம். நீ கதிரையில் இருந்துகொண்டு அதற்கு மேலே பெரிய வெள்ளிக்கிழமைத் தட்டுத் தட்டுகிறாய். அந்த இயந்திரம், பாவம், நீ மலையேறுகிறாய் என்று நினைக்கிறது. நீ உருகித் தட்டத் தட்ட அது ஓட்டுகிறது. தம்பி, வருவது அவளில்லை. உன் கைதான் உன்னை அடித்து ஓட்டுகிறது. பலமில்லாத நெஞ்சை வீணாக ஓட்டிக் காலில் தண்ணீர் கட்ட வைத்திருக்கிறாய்.

நான் சொன்னால் நம்ப மாட்டாய். நீயே பார். நாளைக்கு அதே நேரம், அதே கதிரை, அதே செபம். கையை மட்டும் மார்பில் தட்டாமல் மடியில் வைத்துக்கொண்டு சொல்லு. அவள் வந்தால் நான் இனி ஒரு வார்த்தை எழுத மாட்டேன். உன் பாட்டில் விட்டுவிடுகிறேன், மாதா அறிய. வராவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போ. தண்ணீரை எடுத்து, மாத்திரையைத் திருத்தி, பிறகு அந்த வகுப்புக்குப் போ.

உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன். எனக்கு இருக்கிற ஒரே தம்பி நீ.

அக்கா

---

இல்ஃபோர்ட்
15 டிசெம்பர் 1994

அக்காவுக்கு,

உடனே செய்ய மனம் வரவில்லை. பயத்தில் இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். நேற்றுச் செய்தேன்.

கையை மடியில் வைத்தேன். அது தானாக எழும்பப் பார்த்தது, மற்றக் கையால் பிடித்துக்கொண்டேன். முழுச் செபமும் சொன்னேன், முந்தின நாட்களை விட உருகிச் சொன்னேன். நெஞ்சு சுவர்மணிக்கூடு மாதிரி ஒரே சீராக அடித்துக்கொண்டு கிடந்தது. வெளியே பஸ் போனது. சூசைதாசன் வீட்டில் ரீவி சத்தம் கேட்டது. செபம் முடிந்த பிறகும் கதவைப் பார்த்தபடி இருந்தேன். கதவு கதவாகவே இருந்தது.

வரவில்லை. சந்தோசமா?

முதல் தரம் அவளிடம் போக விடாமல் என்னை மறித்தீர்கள். இப்போது என்னிடம் வர விடாமல் அவளை மறித்துப்போட்டீர்கள். உங்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு விளக்கம் இருக்கிறது. என் மனிசிக்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தீர்கள். படித்தவர்கள், கெட்டிக்காரர், நல்லாயிருங்கோ.

இனி எழுதாதேயுங்கோ.

பஸ்தியாம்பிள்ளை

---

டூட்டிங்
19 டிசெம்பர் 1994

தம்பிக்கு,

எழுதாதே என்றாய். ஆனாலும் எழுதுகிறேன்.

எனக்குச் சந்தோசமில்லை. உன் கடிதத்தை வைத்துக்கொண்டு அழுதேன். உன்னை உயிரோடு வைத்திருப்பதைத் தவிர வேறொன்றும் நான் யோசிக்கவில்லை, உண்மை. உனக்கு அந்தப் பின்னேரம் ஒன்றுதான் மிச்சமாக இருந்தது என்பது, அதைப் பறித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. ஆனாலும் பறிக்காமல் விட்டிருக்க ஏலாது. விட்டிருந்தால் நத்தாருக்கு உன் சவப்பெட்டிக்கு முன்னால் நின்றிருப்பேன்.

என்னைத் திட்டு. மெற்றில்டா என்னை மன்னிக்க மாட்டாள் என்று சொல்லு. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போ, தம்பி. போ.

அக்கா

---

இல்ஃபோர்ட்
14 மார்ச் 1995

அக்காவுக்கு,

நீங்கள் பிறகும் மூன்று கடிதம் போட்டீர்கள். ஒன்றுக்கும் பதில் போடவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தேன், பிறகு நடந்துகொண்டிருந்தேன். சூசைதாசன் ஒளித்து உங்களுக்குச் சொல்லியிருப்பான். அவன் சொல்லாத ஒன்று இருக்கிறது, அதை நான்தான் சொல்ல வேண்டும்.

எழுதாதேயுங்கோ என்று எழுதிய அதே நாள் காலை, சூசைதாசன் பாணும் பாலும் கொண்டுவந்தான். கடிதத்தை அவனிடம் தபாலில் போடக் கொடுத்தேன். அவன் வாசலில் நின்றபடி, "அண்ணை, நேற்று வழமையை விடக் கன நேரம் நடந்தனீங்கள் போல" என்றான். எந்த நேரத்தில் என்று கேட்டேன். செபநேரம்தான் என்றான். எப்படி நடந்தேன் என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "யன்னலில இருந்து கதவுக்கு, திருப்பிக் கதவில இருந்து யன்னலுக்கு. நீங்கள்தானே அண்ணை நடந்தனீங்கள்?" ஓம் என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டேன்.

என் நெஞ்சு அன்றைக்கு நடக்கவில்லை. என் கால் நடக்கவில்லை. நீங்கள் பைப் என்பீர்கள், இருக்கட்டும். நான் கதிரையில் இருந்து யோசித்தேன். யன்னலுக்கும் கதவுக்கும் நடக்கிற நடை எது என்று. பூசைக்குப் போக வெளிக்கிட்டு, கோட்டையும் போட்டு, நான் எழும்பிச் சப்பாத்துப் போடுமட்டும் யன்னலுக்கும் கதவுக்கும் நடப்பாள். பஸ்ஸில் வாறன், நீ போ என்பேன். அதற்குப் பிறகும் இரண்டு தரம் நடந்து பார்த்துவிட்டுத்தான் போவாள். அக்கா, அவள் என்னிடம் வந்துகொண்டிருக்கவில்லை. அவள் எப்போதோ வந்துவிட்டாள். அவள் வருவாள் என்று நான் கதிரையில் காத்திருக்க, நான் எழும்புவேன் என்று அவள் கோட்டோடு காத்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

எழும்பிப் பார்த்தேன். சப்பாத்து ஏறவில்லை. கால் அப்படி வீங்கியிருந்தது. அந்த வெக்கத்தில் நானே சூசைதாசனைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னேன். தண்ணீர் எல்லாம் எடுத்து, மாத்திரை மாற்றி, நத்தார் முடிந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பெட்டியையும் திருத்திப் பார்த்தார்கள். மாசி பிறந்த பிறகுதான் வகுப்புக்கு விட்டார்கள்.

வகுப்பு என்றால் பெரிய மண்டபம், அதைச் சுற்றி நடக்க வேண்டும். என்னோடு ஒரு பஞ்சாபி, பார்படோசில் இருந்து வந்த பஸ் றைவர் ஒருவர், இரண்டு மூன்று வெள்ளைக்காரக் கிழவர்கள். எல்லோரும் நெஞ்சைக் கண்ணாடிச் சாமான் மாதிரிக் கொண்டு நடக்கிறோம். நடத்துகிற பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வராது. அவள் எங்களுக்கு ஒரே ஒரு விதிதான் சொன்னாள். நடக்கும்போது கதைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். கதைக்க மூச்சு முட்டினால் வேகம் கூடிவிட்டது, குறைக்க வேண்டும். பாட்டுப் பாடக்கூடியதாக இருந்தால் வேகம் போதாது. அதனால் எல்லோரும் சோடி சோடியாகக் கதைத்துக்கொண்டு நடக்கிறார்கள். நான் ஒற்றை ஆள். முதல் நாள் வாயை மூடிக்கொண்டு நடந்தேன். அவள் வந்து, கதைத்தால்தானே எனக்குத் தெரியும் என்றாள். அதற்குப் பிறகு மெற்றில்டாவோடு கதைக்கிறேன். தமிழில், சத்தமாக. பாண் விலை, சூசைதாசனின் மகளுக்குப் பாரிசில் கலியாணம் பேசுவது, உங்கள் மேல் இருந்த கோபம், எல்லாம். யாரோடு கதைக்கிறீர்கள் என்று அந்தப் பிள்ளை கேட்டாள். மனிசியோடு என்றேன். மூச்சு வாங்காதவரைக்கும் நல்லது, தொடருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மற்ற நாட்களில் தெருவில் நடக்கிறேன். குளிர்காற்று அடித்தால் வீட்டுக்குள் யன்னலுக்கும் கதவுக்கும். கால் இப்போது சப்பாத்துக்குள் சுகமாகப் போகிறது. படிக்கட்டில் நின்று இளைப்பாறாமல் ஏறுகிறேன். நீங்கள் சொன்னது எல்லாம் சரி, அக்கா. என் கோபம் போய்விட்டது. எந்த நாள் போனதென்று தெரியவில்லை, தேடிப் பார்த்தேன், இல்லை.

இன்னும் ஒன்று. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

நடந்து முடிந்து, வேகத்தைக் குறைத்து, நின்று, வந்து கதிரையில் இருக்கிறேன். ஆனால் நான் இருந்தவுடன் நெஞ்சு இருப்பதில்லை. அது இன்னும் கொஞ்சத் தூரம் நடக்கிறது. கை மடியில்தான் இருக்கிறது, தட்டவில்லை, சத்தியம். என் கால் நிலத்தில் கிடக்க அது தன் பாட்டில் போகிறது, யாரையோ தெரு முனைமட்டும் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிற மாதிரி. பிறகு மெல்ல மெல்லத் திரும்பி வந்து அடங்குகிறது. ஒவ்வொரு நாளும் அப்படித்தான்.

இதற்கும் ஒரு விளக்கம் இருக்கும். கிரிஜாவைக் கேட்டால் ஒரு நிமிசத்தில் சொல்லுவாள். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், அக்கா. இதை மட்டும் கேட்டுப் பார்க்காதேயுங்கோ.

தம்பி
பஸ்தி

---

டூட்டிங்
24 மார்ச் 1995

என் தம்பிக்கு,

உன் கடிதத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. வாசித்துவிட்டு என் வீட்டு யன்னலுக்கும் கதவுக்கும் நடந்தும் பார்த்தேன். பைத்தியம் என்று நினையாதே.

நேற்று வியாழக்கிழமை. தேநீர்க் கடையில் நிற்கும்போது கிரிஜா வந்தாள். வழமையாக எடுக்கிற தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு, எனக்கு முன்னால் ஆறுதலாக நின்றாள். அவசரமில்லை, பக்கத்தில் வேறு ஆளுமில்லை. கேள்வி என் நாக்கு நுனியில் நின்றது. ஆள் கதிரையில் இருந்த பிறகும் நெஞ்சு ஏன் பிள்ளை நடக்கிறது என்று கேட்டால் முடிந்தது. என்னைத் தெரியுந்தானே உனக்கு. ஒரு விசயம் ஏன் நடக்கிறதென்று தெரியாமல் நான் ஒரு நாளும் நித்திரைக்குப் போனதில்லை.

கேட்கவில்லை, தம்பி. மேசையைத் துடைத்தேன். துடைத்த மேசையையே திருப்பித் துடைத்தேன்.

அவள்தான் கேட்டாள், "உங்கட தம்பி இப்ப எப்பிடி, அன்ரி?"

"நடக்கிறான்" என்றேன்.

"தனியவோ?"

"இல்லை" என்றேன்.

அக்கா
இம்மாகுலேற்